செண்பகம் மதினி அடித்த பாதிக் கதவு

செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. இரண்டாவது பாடவேளை. பூகோள டீச்சர் பலகையில் பருவக்காற்றின் திசையை அம்பு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பியூன் வாசலில் வந்து நின்று என் பெயரைச் சொன்னார். வெளியே போனேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கும் ரோசம்மா அக்கா வராந்தாத் தூணைப் பிடித்தபடி நின்றாள். “ஏளா, பையை எடுத்துட்டு வா. ஒங்க மதினி தவறிட்டா” என்றாள்.

அன்று காலை என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது, யாராவது கேட்டால் மதினி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லும்படி அம்மா சொல்லியிருந்தாள். போகிற வழியில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கேட்டார்கள். அப்படியே சொன்னேன். வளைகாப்புக்கு எங்களைக் கூப்பிடவே இல்லையே என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைச் சமாதானம் செய்ய, வளையல் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். அந்த நேரத்தில் மதினி இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

செண்பகம் என் அண்ணனின் மனைவி. போன வருஷம் தை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்த ஐப்பசியில், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு போய்விட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. தாய் இல்லாத பெண். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊரில் வயல் வைத்திருக்கும் அவள் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். மகள் படத்தைப் போட்டு செய்தித்தாளில் நாலு வரி நினைவஞ்சலி கொடுக்கலாமா என்று மாமா எங்கள் அப்பாவிடம் கேட்டார். இது ஊருக்குச் சொல்கிற சாவு இல்லை என்று அப்பா மறுத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அதனால் அந்த நாலு வரியை நான் எழுதுகிறேன். மதினியின் தங்கைகளுக்கும், அவளோடு குழாயடியில் நின்ற பெண்களுக்கும், பெயிண்ட் கடை அண்ணாச்சிக்கும், எல்லோருக்கும் முதலில் மாமாவுக்கும்.

எங்கள் தெரு சங்கு கொடவுனுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரே வரிசையில் பதினைந்து வீடுகள். எல்லாவற்றையும் ஒரே காண்டிராக்டர் ஒரே அச்சில் கட்டினார். தெருவின் ஆண்கள் பெரும்பாலும் துறைமுகத்துக்கும் கப்பல் சாமான் கொடவுன்களுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கப்பலுக்குப் பெயிண்ட் அடித்து முடிந்ததும் டிரம்மின் அடியில் தங்குவதை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். அது எப்போதும் சாம்பல் நிறம். அதனால் எங்கள் தெருவில் யாரும் பெயிண்ட் வாங்கியதே கிடையாது. கதவு சாம்பல், ஜன்னல் சாம்பல், சைக்கிள் சாம்பல், ரோசம்மா அக்கா வீட்டுக் கோழிக்கூடு சாம்பல். என் ஜாமெட்ரி பாக்ஸுக்குக்கூட அப்பா அதைத்தான் அடித்துக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், மதினி குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, எங்கள் வீடு என்று நினைத்து ரோசம்மா அக்கா வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். குடத்தை இறக்கினாள். அம்மியில் தேங்காய்ச் சில்லு கிடந்ததைப் பார்த்து உட்கார்ந்து அரைக்கவும் தொடங்கிவிட்டாள். அக்கா குளித்துவிட்டு வந்து பார்த்தால், யாரோ ஒரு புதுப்பெண் மருதாணிக் கையோடு அவளுக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறாள். பாதி அரைத்ததை ஏன் விடுகிறாய், முடித்துவிட்டே போ என்றாளாம் அக்கா. தெரு ஒரு மாதம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு நடக்கத் தெரியாதவள் என்று அன்றைக்கே பெயர் வைத்தாள்.

மதினிக்கு அதில் வெட்கம் இல்லை. அவளுக்கு வேறொன்று உறுத்தியது. எங்கள் வீடு கட்டும்போதுதான் அண்ணனுக்குப் பெண் பேசினார்கள். சீரோடு தலைவாசல் நிலையும் கதவும் வேண்டும் என்று அப்பா கேட்டார். மாமா வயல் வரப்பில் நின்ற வேம்பை வெட்டி, ஊர் ஆசாரியைக் கொண்டு செய்து, மஞ்சள் தடவி லாரியில் அனுப்பினார். கல்யாணத்துக்கு முந்தின வாரமே அப்பா அதற்குச் சாம்பல் அடித்துவிட்டார். “நா பொறந்ததுலருந்து பாத்த மரம், ஏளா. அதுல செஞ்ச கதவ எனக்கே அடையாளம் தெரியலன்னா பாரேன்” என்றாள்.

பிள்ளை உண்டான பிறகு அவளுக்கு அந்த எண்ணம் வலுத்தது. வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போய், பிள்ளையோடு திரும்பி வரும்போது கதவு வேறு நிறத்தில் இருக்க வேண்டும். தூரத்திலிருந்தே அது தன் வீடு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. மூக்குத்தி கேட்கவில்லை, சினிமா கேட்கவில்லை.

துணிக்கு நீலம் வாங்கப் போனபோது பக்கத்துப் பெயிண்ட் கடையில் நிற அட்டை ஒன்று கேட்டு வாங்கினாள். மத்தியானம் அம்மா படுத்ததும் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். ஒவ்வொரு நிறத்தையும் கதவின் மேல் வைத்து, என்னைத் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கச் சொல்வாள். நிறத்தைக் கடைக்குள் வைத்துப் பார்க்கக் கூடாது, அது இருக்கப்போகிற வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பாள். எங்கள் ஊர் வெயில் அப்படி. உப்புக் குவியல்களில் பட்டு வருகிற வெளிச்சத்தில் மஞ்சள் வெளுத்துக் காணாமல் போய்விடும். சிவப்பு மட்டும் தாங்கும். ஆனால் சிவப்பைப் பார்த்து மதினி சிரித்தாள். “போஸ்டாபீஸ்னு நெனச்சி ஆளுக காயிதம் போட்டுட்டுப் போயிருவாக.” காப்பிப்பொடி நிறம் ஒன்று இருந்தது. அதை அம்மாகூட ஒத்துக்கொண்டிருப்பாள். அது சாம்பலுக்குப் பயந்துகொண்டு நிற்கிற நிறம் என்று மதினி ஒதுக்கிவிட்டாள்.

ஆவணியில் மாமா ஒரு சாக்கு பனம்பழம் கொண்டு வந்து போட்டார். முற்றத்தில் சுட்டு, ஒன்றை நான் பிளந்தேன். மதினி அதை என் கையிலிருந்து வாங்கி, தின்னாமல், அப்படியே வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவின் மேல் வைத்தாள். மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நடுவில் எரிகிற அந்த நிறம் மத்தியான வெயிலிலும் அசையவில்லை. “இதுதான், ஏளா” என்றாள். அட்டையில் அந்த நிறம் இல்லை. மறுநாள் இன்னொரு பழத்தை இலையில் பொதிந்து கடைக்கே கொண்டு போனோம். பெயிண்ட் கடைக்குப் பனம்பழம் கொண்டு வந்த முதல் ஆள் நீதான் தாயி என்றார் அண்ணாச்சி. ஆனால் கேலி செய்யவில்லை. மஞ்சளில் சிவப்பை ஊற்றி, டின் மூடியில் தடவித் தடவி, மூன்றாம் தடவை பழத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பிரித்தறிய முடியாதபடி கலந்தார். அந்த மூடியை மதினி கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்து, காலை, மத்தியானம், விளக்கு வைக்கிற நேரம் என்று இரண்டு நாள் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வீட்டில் கேட்டாள்.

அப்பா, கதவு என்ன சர்க்கஸ் கூடாரமா என்றார். அம்மா சொன்னது வேறு. எங்கள் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் நிலையில் கை வைக்க மாட்டார்கள். ஆணி அடிக்கக் கூடாது, சீவக் கூடாது, பூச்சு பூசக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். தீபாவளிக்கு வெள்ளையடிக்க மாட்டார்களா, அப்போது எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இல்லை என்று மதினி மெல்லத்தான் கேட்டாள். வெள்ளையடிப்பது சுவருக்கு, நிலைக்கு இல்லை என்று அம்மா பதில் வைத்திருந்தாள். “அது எங்க அப்பா வெச்ச மரம், அத்த. அதுக்கு எம்மேல கோவம் வராது” என்றாள் மதினி. அம்மா அதற்குப் பிறகு அவளோடு நாலு நாள் பேசவில்லை.

கடைசியில் அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் மற்றவர்கள் இல்லாதபோது நல்லவன். “அடிச்சிரு. அப்பாவ நா பாத்துக்கிடுதேன்” என்றான். அவனே கடையில் டின்னை வாங்கி, சாக்கில் சுற்றி, சைக்கிளில் கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தான். இது எனக்குத் தெரியும். சாக்கைப் பிரித்தது நான்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் எட்டயபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். காலையிலிருந்து நானும் மதினியும் உப்புத்தாள் போட்டுச் சாம்பலைத் தேய்த்தோம். அடியில் வேம்பு தெரிந்தபோது அவள் அதைக் கையால் தடவிவிட்டு மறுபடி தேய்த்தாள். பிறகு தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, கீழ்ப் பாதியை அடித்தாள். மேல் பாதிக்கு ஸ்டூல் வேண்டும். நான் கொண்டு வந்து போட்டேன். ஏறு என்று என்னிடம் பிரஷைக் கொடுத்தாள். எனக்கு அடிக்கத் தெரியாது, நீங்களே ஏறுங்கள், பிடித்துக்கொள்கிறேன் என்றேன். “நா ஒருத்தின்னா ஏறிருவேன். இப்ப ரெண்டு பேருல்லா” என்றாள்.

மேல் பாதியை அடித்தது நான். அவள் கீழே உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் நான் குறுக்காக இழுத்துவிட்டேன். அவள் அடித்தது மேலிருந்து கீழாக ஒழுங்காக ஓடும். இரண்டும் சேருகிற இடம் சாயந்தர வெயிலில் கோடாகத் தெரிகிறது. இன்றைக்கும் தெரிகிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்தக் கோடு என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் கை எட்டுகிற உயரம் அதுதான்.

அன்று சாயந்தரம் ரோசம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று பார்த்தாள். “செண்பகம், இனி எனக்கு யாருளா சட்னி அரைப்பா?” என்று கேட்டாள். மதினி சிரித்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி. பிள்ளையைக் கூட்டி வந்து இதைக் காட்டுவேன் என்று அக்காவிடம் சொன்னாள்.

அப்பா வந்து கதவைப் பார்த்துவிட்டு, யார் என்று மட்டும் கேட்டார். நான்தான், முழுக்க நான்தான் என்றாள் மதினி. என் நகக்கண்ணில் பெயிண்ட் இருந்தது. கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அப்பா அண்ணனைப் பார்த்து, “ஒனக்குத் தெரியுமால?” என்றார். “தெரியாதுப்பா” என்றான் அண்ணன். மதினி அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சாப்பாடு எடுத்து வைக்கப் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது என்னிடம் சொன்னாள்: “ஒங்கண்ணன் மொகத்தப் பாத்தியா? வாத்தியாருகிட்ட அடி வாங்குத பையன் மாதிரி. அவுகளக் கோவிக்கக்கூட முடியல.” நான் இப்போது கோபிக்கிறேன், மதினி. உங்களுக்கும் சேர்த்து.

மறுநாளிலிருந்து குழாயடியில் பேச்சு தொடங்கியது. நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏழு மாசக்காரியை நிலையில் கை வைக்க விட்ட மாமியார் என்ன மாமியார் என்றுதான் பேசினார்கள். அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள். இரண்டு நாள் தண்ணீர் பிடிக்க என்னைத்தான் அனுப்பினாள். அந்த இரண்டு நாளும் மதினி நன்றாகத்தான் இருந்தாள். நடந்தாள், சமைத்தாள், உளுந்து ஆட்டினாள்.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மணி நாலேகால். கதவு சாத்தியிருந்தது. பகலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்துவதே கிடையாது. நடுவறையில் மதினி பாயில் கிடந்தாள். அம்மாவின் பழைய சேலைகள் இரண்டு அவளுக்கு அடியில் ரத்தத்தில் நனைந்து கிடந்தன. மூன்றாவதை அம்மா கிழித்துக்கொண்டிருந்தாள். நான் ரோசம்மா அக்காவைக் கூப்பிடுகிறேன் என்று ஓடினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இருட்டட்டும். இப்ப இந்த வாசல் வழியாத் தூக்கிட்டுப் போனா தெரு என்ன சொல்லும்? கதவுல கை வெச்ச மூணாம் நாளே பாத்தியான்னு சொல்லும். எந்தலையிலதான் வந்து விடியும்” என்றாள்.

அம்மாவும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள் என்பதை எழுத வேண்டும். கஷாயம் வைத்தாள், காலைத் தேய்த்தாள், சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். டாக்டரைத் தவிர எல்லாம் செய்தாள்.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் வரட்டும் என்றார். அண்ணன் ஆறரைக்கு வந்தான். டாக்டரை இங்கே கூட்டி வரட்டுமா என்று கேட்டான். டாக்டர் கார் தெருவில் நின்றால் ஊரே கூடிவிடும் என்றார் அப்பா. அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்குக் காற்றே இல்லை. இருட்டிய பிறகும் தெருவில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் அவர்கள் பேச்சு ஓய்வதற்காகக் காத்திருந்தோம். ஏழரை ஆகியும் ஓயவில்லை. கொல்லை வழியாகக் கூட்டிப் போக முடிவு செய்தார்கள்.

தூக்கவில்லை. தூக்கினால் தெரியும் என்று நடத்திக் கூட்டிப் போனார்கள். சங்கு கொடவுனுக்குப் பின்னால், சங்குக் கழிவு அழுகிக் கிடக்கிற அந்தச் சந்து வழியாக, அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டில் நின்ற குதிரை வண்டி வரை மதினி நடந்தாள். அவள் அப்பா கொடுத்த கதவு வழியாக அவள் கடைசியாகப் போகவில்லை. அம்மா அன்று இரவே சந்தில் தண்ணீர் ஊற்றினாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அண்ணன் மறுநாள் அம்மாவிடம் சொன்னபோது நான் அடுக்களையில் இருந்தேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டாராம். ஏழு மணிக்கு என்று சொன்னானாம். “ஏழு மணிக்கு ஆரம்பிச்சதுக்கு இவ்வளவு ரத்தம் போயிருக்காதுன்னாக. நா ஏழுதான்னேன். நேரத்தோட கொண்டாந்திருந்தா பெரிய உசிரையாவது பாத்திருக்கலாம்னாக” என்றான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் ஏழு என்றே சொல் என்றாள்.

ஸ்டூல் எப்போது கதைக்குள் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறி அடித்திருக்கிறாள், விழுந்திருக்கிறாள், பயந்துகொண்டு மூன்று நாள் மறைத்திருக்கிறாள் என்று. அதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. நாலைந்து தடவை சொன்ன பிறகு அவரும் நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் மாமா வந்தார். பிள்ளை இல்லாமல் பெண் இறந்தால் அவள் கொண்டு வந்த சீரைத் திருப்பிக் கொடுப்பது எங்களில் வழக்கம். பாத்திரங்கள், கட்டில், பீரோ எல்லாவற்றையும் கூடத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். மாமாவோடு வந்த பெரியவர் ஒருவர் கதவைக் காட்டி, அதுவும் நம்முடையதுதானே என்றார். மாமா கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த நிறத்தை அவர் அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தார். அவர் சாக்கில் கொண்டு வந்த பழத்தின் நிறம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. “இது இங்கனயே இருக்கட்டும். எம்புள்ள உசிர வாங்குனதை நா கொண்டு போய் என்ன செய்ய?” என்றார்.

பிறகு என் அம்மாவுக்கு முன்னால் கையைக் கூப்பினார். “தாயில்லாம வளந்த புள்ள. சொன்ன சொல் கேக்க மாட்டா. ஒங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டா. மன்னிச்சுக்கிடுங்க” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா, விடுங்கள் அண்ணாச்சி, நடந்தது நடந்துவிட்டது என்று அவருடைய கையைப் பிடித்தார். மன்னித்தார்.

மாமா என்னைக் கூப்பிட்டார். “ஏளா தாயி, நீதான அவகூட இருந்த? ரொம்ப ஒசரத்துலருந்தா விழுந்தா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். கையை நீட்டி ஒரு உயரத்தைக் காட்டினேன். அவர் அந்த உயரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று இருபத்திரண்டாம் நாள். அண்ணனுக்கு எட்டயபுரம் பக்கத்தில் ஒரு பெண் பேசுகிறார்கள். கார்த்திகையில் அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். முதல் மனைவி எப்படிப் போனாள் என்று கட்டாயம் கேட்பார்கள், கேட்டால் நீயும் ஒரு வார்த்தை சொல், சின்னப் பிள்ளை சொன்னால் நம்புவார்கள் என்று அம்மா நேற்று எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். அப்பா கொடவுனிலிருந்து டின் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கதவு சாம்பலாகிவிடும். நான் குறுக்காக இழுத்ததும் மதினி நேராக இழுத்ததும் அதற்குள் போய்விடும். அதற்கு முன்னால் இதை ரோசம்மா அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் ஏறுவாள். பிறகு எனக்குப் பள்ளிக்கூடம் இருக்காது. அதைவிட மோசமாகவும் இருக்கலாம். எழுதுகிற இந்த நேரத்தில் பக்கத்து அறையில் அப்பா இருமினாலே எனக்குக் கை நின்றுவிடுகிறது.

மாமா, உங்கள் மகள் விழவில்லை. ஸ்டூலில் ஏறவே இல்லை. நான் கையால் காட்டிய உயரத்தில் நின்றவள் நான்தான். சொன்ன சொல் கேட்காதவள் என்று நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். அன்றைக்கு அவள் எல்லாச் சொல்லையும் கேட்டாள். இருட்டட்டும் என்றார்கள், கிடந்தாள். பையன் வரட்டும் என்றார்கள், கிடந்தாள். சத்தம் போடாதே என்றார்கள், சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். நட என்றார்கள், நடந்தாள்.

மதினியுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் உங்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். என்னிடம் இருப்பது அவள் சொன்ன ஒரு வார்த்தை மட்டும். நாலேகாலிலிருந்து ஏழரை வரை மூன்று தடவை என் பாவாடையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். “எங்க அப்பாவுக்குத் தந்தி குடு, ஏளா. அவுக வந்தா தூக்கிட்டுப் போயிருவாக.” தந்தி ஆபீஸ் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் போகவில்லை. மூன்று தடவையும் சரி என்றேன்.